37 வருஷமா ஓடுற மெயின் போர்டு, இப்போ மாற்றணுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

1988-இல் கட்டிய வீடு. 2006-இல் மாடி எடுத்திருக்கிறார்கள். இணைப்பு சிங்கிள் பேஸ். வராந்தாவில் ஒரு மரப்பலகை. அதில் மீட்டர், இரும்பு மெயின் சுவிட்ச், நான்கு பீங்கான் பியூஸ் கேரியர். இரண்டு வருடம் முன்பு மகன் மாடியில் ஒன்றரை டன் ஏசி போட்டார். போன கோடையிலிருந்து பியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து தடிமனான கம்பி கட்டிவிட்டுப் போனார். பியூஸ் போவது நின்றது. ஆனால் ராத்திரி நேரத்தில் போர்டுப் பக்கம் கருகல் வாடை வருகிறது. கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவர் அறைக்கும் ஏசி தேவைப்படுகிறது. மருமகள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப்போகிறார். அதே எலக்ட்ரீஷியன், "பியூஸைக் கழற்றிட்டு 32 ஆம்பியர் எம்சிபி போட்டாப் போதும், மூவாயிரத்துல முடிஞ்சிரும்" என்கிறார். (எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்.) இன்னொரு ஒப்பந்ததாரர் வீடு முழுக்க வயரிங் மாற்றி மூன்று பேஸ் ஆக்க ஒரு லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார். "37 வருஷமா ஒரு விபத்தும் இல்லை. இவ்வளவு செலவு அவசியமா? மூன்று பேஸ் ஆனால் 100 யூனிட் இலவசம் போய்விடும், பில் இரண்டு மடங்காகும் என்கிறார்களே?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது, ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறோம்."

வணக்கம் டீச்சர்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். போர்டை மாற்றுவது, ஏசி, மூன்று பேஸ் எல்லாம் சில வாரம் பொறுக்கும். இது ஒரு நாள்கூடப் பொறுக்காது.

கீசரை இன்றைக்கே நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, செருப்புக் காலோடும் உலர்ந்த கையோடும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் வயரில் இல்லாமல், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அணைத்த பிறகும் கீசருக்குள் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தால் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். அதுவரை வெந்நீர் அடுப்பில் வையுங்கள்.

என்ன நடக்கிறது என்றால், கீசருக்குள் இருக்கும் காயிலின் உறை தேய்ந்து, கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புத் தொட்டிக்குக் கசிகிறது. கசிந்தது மூன்றாவது வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் குளியலறையில் அந்த எர்த் வயர் அறுந்திருக்கிறது, அல்லது 1988-லேயே இழுக்காமல் விட்டிருக்கிறார்கள். இன்னொன்றுக்கும் வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். அப்படி இருந்தால் மோட்டாரில் கசிந்தாலும் வாஷிங் மெஷினில் கசிந்தாலும் உங்கள் குழாயில்தான் வந்து நிற்கும். கீசரைக் கழற்றிய பிறகும் சுள்ளென்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் குளியலறைக்குள் போகாமல் மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ரப்பர் செருப்பு பாதம் வழியாகப் போவதைத்தான் தடுக்கும். ஒரு கை குழாயிலும் இன்னொரு கை ஈரச் சுவரிலும் இருந்தால் கரண்ட் கைக்குக் கை, நெஞ்சு வழியாகப் போகும். உங்கள் வீட்டில் இது கூடுதல் ஆபத்து. உங்கள் கணவரைக் குளிப்பாட்டும்போது அவர் உடம்பு முழுக்க நனைந்திருக்கும். ஷாக் அடித்தால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ள அவரால் முடியாது. அவரைத் தாங்கிப் பிடித்திருப்பது நீங்கள். இன்றைக்கு லேசாக இருக்கும் கசிவு நாளைக்கும் லேசாகவே இருக்கும் என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் உத்தரவாதம் தர முடியாது.

பியூஸ் போகாமல் இருப்பது குணமானதன் அடையாளம் அல்ல

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து இரண்டாவது கேரியரின் பீங்கான் ஓரம் பழுப்பேறி, ஒரு மூலையில் கறுத்திருக்கிறது. உள்ளே ஒற்றை இழை பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நியூட்ரல் லிங்கில் வந்து சேரும் வயரின் கறுப்பு உறை ஒரு விரற்கடை நீளத்துக்கு உருகிப் பின்வாங்கியிருக்கிறது. உங்களுக்கு வரும் வாடை இதுதான். மெயினை இறக்கி அந்த முனையை வெட்டிப் புதிதாக முடுக்குவது ஒரு மணி நேர வேலை. அதை இந்த வாரமே செய்துவிடுங்கள், மற்றத் தீர்மானங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது நடக்கும்வரை ராத்திரியில் மாடி ஏசியை ஓட விடாதீர்கள்.

பியூஸ் என்பது சுவருக்குள் போகும் வயரைக் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே பலவீனமாக வைக்கும் இடம். வயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது; அதற்கு மேல் போகப் போக மொரமொரத்து வெடிக்கும். முன்பு பியூஸ் போனபோது அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தடித்த கம்பி கட்டியதும் அந்தப் பலவீனமான இடம் போர்டிலிருந்து சுவருக்குள் இடம் மாறிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

"37 வருஷமா ஒன்றும் ஆகவில்லை" என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1988-இல் அந்தப் போர்டு சுமந்தது ஐந்தாறு பேன், டியூப் லைட், ஒரு மிக்ஸி, ஒரு அயர்ன் பாக்ஸ். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்திருக்கிறது. இப்போது சுமப்பது வேறு வீட்டை. காலையில் ஆறரை மணிக்கு என்னவெல்லாம் சேர்ந்து ஓடும் என்று நீங்கள் அனுப்பிய சாமான் பட்டியலை வைத்தே கூட்டிப் பார்த்தேன்: கீசர் 2 கிலோவாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2, மாடியில் இன்னும் அணைக்காத ஏசி 1.5, ஒரு எச்பி மோட்டார் சுமார் 1, மிக்ஸி முக்கால். மொத்தம் 7.25 கிலோவாட். 230 வோல்ட்டில் இது 31 ஆம்பியருக்கு மேல். கீழே இரண்டாவது ஏசி வந்தால் இன்னும் ஆறேழு ஆம்பியர் கூடும். ராத்திரிக் கணக்கு இவ்வளவு இல்லை. இரண்டு ஏசி, ஸ்கூட்டர் சார்ஜர், பிரிட்ஜ், பேன் எல்லாம் சேர்த்தாலும் 19 ஆம்பியர் பக்கம்தான். ஆனால் அது விடிய விடிய ஓடும், எல்லாரும் தூங்கும் நேரத்தில்.

அந்த 32 ஆம்பியர் யோசனை

வேண்டாம். கடிதத்தில் இருக்கும் யோசனைகளிலேயே மோசமானது இதுதான். மலிவாக இருப்பதால் அல்ல, பார்க்க நவீனமாக இருந்துகொண்டு பழைய தப்பையே செய்வதால் சொல்கிறேன்.

எம்சிபியின் எண்ணை ஏசியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் 10 ஆம்பியர், 2.5 என்றால் 16, 4 என்றால் 20 அல்லது 25 என்பது வீட்டு வேலையில் பாதுகாப்பான கணக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 32 என்று எழுதியிருக்கும் எம்சிபி 32-ஐத் தாண்டியதும் விழுந்துவிடாது. ஒன்றே கால், ஒன்றரை மடங்கு லோடு என்றால் அது நிதானமாகத்தான் விழும்; தரவிதிப்படி 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். உங்கள் கீழ்வீட்டு வயர் அதில் பாதிகூடத் தாங்காது.

அதிலும் 1988 வீடு என்பதால் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி வயரின் நுனியைச் சுரண்டினால் செம்பு நிறமா, வெள்ளி நிறமா? வெள்ளியாக இருந்தால் அனேகமாக அலுமினியம். அந்தக் காலத்தில் நிறைய வீடுகளில் அதைத்தான் போட்டார்கள். அதே தடிமன் செம்பு தாங்கும் கரண்ட்டில் சுமார் முக்கால் பங்குதான் அலுமினியம் தாங்கும். வருடம் போகப் போக ஸ்குரூ முனைகளில் தளரும். செம்போடு நேராக முறுக்கினால் அந்த இணைப்பு அரித்துச் சூடேறும். கீழே அலுமினியம் என்று தெரிந்தால் அதை முழுக்க மாற்றத்தான் வேண்டும், அதில் பேரம் கிடையாது. மாடி 2006-இல் எடுத்தது. செம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் தேவையா?

தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அந்த ஒப்பந்ததாரர் மெக்கர் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) வைத்து வயரிங்கைச் சோதித்தாரா என்று கேளுங்கள். 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்கு மேல் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் "எல்லாத்தையும் மாத்தணும்" என்பதும் ஊகம், "ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்பதும் ஊகம். சோதனையில் தேறிய செம்பு வயர், லைட்டுக்கும் பேனுக்கும் மட்டும் 6 ஆம்பியர் எம்சிபியோடு இன்னும் பல வருடம் ஓடட்டும்.

என்னைக் கேட்டால் பணத்தை இந்த வரிசையில் செலவழிப்பேன்.

முதலில் எர்த். புதிதாக ஒரு எர்த் குழி, அங்கிருந்து டிபி (எம்சிபிகள் எல்லாம் இருக்கும் பெட்டி) வரை செம்புக் கம்பி, டிபியிலிருந்து குளியலறை, சமையலறை, மோட்டார், ஏசி ஒவ்வொன்றுக்கும் பச்சை வயர். தண்ணீர்க் குழாயில் கட்டியது இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச். எர்த் நன்றாக இருந்தால் இது எதற்கு என்று பலர் கேட்பார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் எர்த்தின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக்கு நல்ல எர்த்தான் அது. கீசர் தொட்டிக்கு நேராகவே பேஸ் தொட்டுவிட்டாலும் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்தான் ஓடும். கீசரின் 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 80-லிருந்து 160 ஆம்பியர் வரை ஓடியாக வேண்டும். ஆக அது விழச் சில விநாடிகளோ அதற்கு மேலோ ஆகலாம், அதுவரை தொட்டியில் வோல்ட்டேஜ் நிற்கும். கசிவு சிறியதாக இருந்தால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிசிபி பார்ப்பது வேறு விஷயத்தை: போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று. 30 மில்லிஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு குறைந்தால் 0.04 விநாடிக்குள்ளும் அது வெட்டிவிட வேண்டும். 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இப்படி ஒரு கருவி இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. வாங்கும்போது 30 மில்லிஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று இருப்பவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை, ஆளைக் காப்பாற்றாது. ஐஎஸ்ஐ முத்திரையும் பில்லும் கட்டாயம். ஆர்சிசிபி இருப்பதால் எம்சிபி வேண்டாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதிக லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் ஆர்சிசிபி பார்க்காது, இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, டிபியும் தனி லைன்களும். இரண்டு ஏசிக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. லைன், கீசருக்கு ஒன்று, சமையலறையின் இண்டக்‌ஷன் பாயின்ட்டுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு எர்த்தோடு 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று. ஸ்கூட்டரை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விட்டு சார்ஜ் செய்ய வேண்டாம் என்று மருமகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். டிபி வாங்கும்போது, பேஸுக்கு ஒரு ஆர்சிசிபி வைக்கும் மூன்று பேஸ் டிபியாகவே வாங்கிவிடுங்கள். தற்சமயம் மூன்று பகுதிகளையும் ஒரே பேஸிலிருந்து கொடுத்து ஓட்டலாம், பின்னால் மூன்று பேஸ் வந்ததும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொரு வசதி, மாடியில் எங்கோ கசிந்தால் உங்கள் கணவரின் அறை இருட்டாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்சிசிபி மாட்டிய அன்றே அது அடிக்கடி விழும், எலக்ட்ரீஷியன் "இது உங்க வீட்டுக்கு ஒத்துவராது" என்று சொல்லி பைபாஸ் செய்யப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. உண்மையான கசிவு, உதாரணமாக அந்தக் கீசர். இல்லையென்றால் நியூட்ரல் கலப்பு: ஒரு சர்க்யூட்டின் பேஸ் ஒரு பக்கமும் நியூட்ரல் வேறு பக்கமும் போயிருக்கும். கரண்ட் கட்டுக்காக வைத்த இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இது சர்வசாதாரணம். இன்வெர்ட்டர் லைனுக்கு பேஸ் மட்டும் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்துப் போர்டிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். நியூட்ரலைப் பிரித்தால் சரியாகிவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் நீங்கள் கொடுக்கும் கூலி அதற்கும் சேர்த்துத்தான்.

மூன்று பேஸ் பற்றி உங்கள் பயம்

பில் இரண்டு மடங்காகாது. யூனிட் ஓடுவது நீங்கள் எரிப்பதற்கு ஏற்பத்தான், எத்தனை பேஸில் எரிக்கிறீர்கள் என்பதற்கு ஏற்ப அல்ல. வீட்டு இணைப்புக்கான கட்டண விகிதமும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் மூன்று பேஸுக்கும் அதேதான். பில் கூடினால் அது இரண்டாவது ஏசியின் கணக்கு.

தமிழ்நாட்டில் பொதுவாக 4 கிலோவாட் வரைதான் சிங்கிள் பேஸ். உங்கள் மின்வாரிய ஆவணத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள்; அந்தக் காலத்து இணைப்பு என்பதால் ஒன்று, இரண்டு கிலோவாட் என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. அனுமதித்ததைவிட அதிகமாக இழுப்பது விதிமீறல் என்பது ஒரு பக்கம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டரும் பழைய அளவுக்கே இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டாவது ஏசியும் ஸ்கூட்டரும் நிச்சயம் என்றால் மூன்று பேஸுக்கு விண்ணப்பியுங்கள் என்பதே என் கருத்து. இரண்டாவது ஏசி வேண்டாம் என்று ஒருவேளை முடிவானால்கூட, காலையில் கீசரையும் இண்டக்‌ஷனையும் சேர்த்துப் போடாமல் இருப்பது, அணைக்காத ஏசி, மோட்டார் என்று தினமும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். நோயாளி இருக்கும் வீட்டில் அது உங்கள் தலையில் இன்னொரு சுமை.

மூன்று பேஸிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நியூட்ரல் தளர்ந்து கழன்றால் 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வரை போகலாம். டிவி, பிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அதனால் நியூட்ரல் முனைகளைச் சரியான லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு முடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். லைட்டெல்லாம் திடீரென்று சில இடத்தில் மங்கி, சில இடத்தில் பளீரென்று எரிந்தால் உடனே மெயினை இறக்குங்கள். மீட்டருக்கு முன்பக்கக் கோளாறு என்றால் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லலாம், அது வாரியத்தின் பொறுப்பு. அப்புறம், ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை நம் ஊரில் எல்லாரும் வைப்பார்கள். அதில் லைட், பேன் மட்டும் கொடுங்கள். ஏசியும் கீசரும் அதில் இருந்தால் மூன்று பேஸ் லோடும் ஒரே பேஸில் வந்து விழும்.

விண்ணப்பத்தை மின்பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே கூடுதல் மின்பளு என்று போடலாம். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் செய்து கையெழுத்திட்ட சான்று வேண்டும். பணத்தை ரசீது வரும் வழியில் மட்டும் கட்டுங்கள். மீட்டர் சீலை உங்கள் எலக்ட்ரீஷியன் உடைக்கக் கூடாது. "ரெண்டு நிமிஷம்தான்" என்பார். பின்னால் பதில் சொல்ல வேண்டியது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

இரண்டு பேரிடமும் மறுபடி விலை கேளுங்கள், இந்தத் தடவை எழுத்தில். எர்த், டிபி, ஒவ்வொரு தனி லைனின் வயர் அளவு, எம்சிபி எண், ஆர்சிசிபி எத்தனை என்று தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். கீசரைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது நல்லது. ஆனால் எர்த்தும் ஆர்சிசிபியும் வருவதற்கு முன் அதையும் மாட்ட வேண்டாம்.

வேலை முடிந்து கணக்குத் தீர்ப்பதற்கு முன், எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்கும்போதே ஒவ்வொரு ஆர்சிசிபியிலும் இருக்கும் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். அதன்பிறகு மாதம் ஒரு தடவை. ஒரு மாதம் அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த வாரமே அதை மாற்றுங்கள், அதுவரை கீசரைப் போடாதீர்கள்.